கழிவறையில் கைமாறிய கடிதம்

ஒரு காலத்தில் வல்லரசுத் தலையீடு என்று காதில் விழுந்தாலே எனக்கு ரத்தம் கொதிக்கும். பாதி மட்டும்தான் கொதித்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். அமெரிக்கா கைவைத்த ஈரான் 1953, குவாதமாலா 1954, சிலி 1973 என்று வருட வரிசையில் ஒப்பிப்பேன். சோவியத் படை நுழைந்த ஹங்கேரி 1956 பற்றி யாராவது கேட்டால் ‘அது வேற கதைங்க’ என்று பேச்சை மாற்றிவிடுவேன். என் நண்பர் ஒருவர் இதற்கு நேர் எதிர். ஹங்கேரித் தலைநகர் புடாபெஸ்டில் டாங்கிகள் நுழைந்ததைக் கண்ணில் பார்த்ததுபோலச் சொல்வார், சிலி என்றால் மட்டும் அவருக்கு வேறு வேலை வந்துவிடும். இப்படியே ஆளுக்குப் பாதிப் பட்டியலை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறோம்.

எனக்கு முதலில் ஆட்டம் கண்டது ஒரு கடிதத்தைப் பற்றிப் படித்தபோது. 1968 ஆகஸ்ட் 20 இரவு சோவியத் படைகளும் கூட்டாளி நாட்டுப் படைகளும் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் புகுந்தன. ‘அவர்கள் கூப்பிட்டார்கள், நாங்கள் போனோம்’ என்றது மாஸ்கோ. சும்மா கதை விடுகிறார்கள் என்றுதான் உலகம் நினைத்தது. ஆனால் கடிதம் நிஜமாகவே இருந்தது. அந்த நாட்டுக் கம்யூனிஸ்ட் கட்சியின் ஐந்து தலைவர்கள் கையெழுத்துப் போட்டது, சோவியத் தலைவர் பிரெஷ்னேவ் சிரமமில்லாமல் படிக்கட்டும் என்று ரஷ்ய மொழியிலேயே எழுதியது. படையெடுப்புக்கு இரண்டரை வாரம் முன்னால், பிராட்டிஸ்லாவாவில் நடந்த மாநாட்டின்போது, அதை ஒரு கழிவறையில் வைத்துக் கைமாற்றினார்கள். நாட்டின் தலையெழுத்து கைமாறிய இடம் அது.

அதற்குப் பிறகு எந்தத் தலையீட்டைப் பற்றிப் படித்தாலும் முதலில் இந்தக் கடிதத்தைத்தான் தேடுகிறேன். எல்லா இடத்திலும் காகிதமாக இருக்காது, ஆனால் ஏதோ ஒரு வடிவத்தில் அநேகமாக இருக்கும். நம் மொழியில் இதற்குக் கச்சிதமான சொல் உண்டு: கோடரிக்காம்பு.

குவாதமாலாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1952-இல் ஜனாதிபதி அர்பென்ஸ் நிலச் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தார். பெரிய பண்ணைகளில் பயிரிடாமல் சும்மா கிடக்கும் நிலத்தை எடுத்து ஏழை விவசாயிகளுக்குக் கொடுப்பது. உரிமையாளர் வரிக் கணக்கில் என்ன மதிப்பு காட்டியிருக்கிறாரோ அதையே இழப்பீடாகத் தருவது. யுனைடெட் ஃப்ரூட் என்ற அமெரிக்க வாழைப்பழக் கம்பெனி வரியை மிச்சம் பிடிக்க மதிப்பைக் குறைத்துக் காட்டியிருந்தது. அந்தக் கணக்குப்படி அரசு கொடுக்க முன்வந்தது சுமார் 6.27 லட்சம் டாலர். கம்பெனிக்காக அமெரிக்க வெளியுறவுத் துறை கேட்டது 1.58 கோடி டாலர்! தன் பொய்யில் தானே மாட்டிக்கொண்ட ஒரு கம்பெனிக்காக ஒரு வெளியுறவுத் துறையே வந்து நின்றது. (அப்போதைய வெளியுறவு அமைச்சர் டல்லஸ் முன்பு வேலை பார்த்த வக்கீல் நிறுவனம் அந்தக் கம்பெனிக்கு வேலை செய்த நிறுவனம்தான். அவர் தம்பிதான் சிஐஏ தலைவர்.)

கம்யூனிசப் பயமும் சேர்ந்துகொண்டது என்பது உண்மைதான். ஆனால் 1954-இல் சிஐஏ தயார் செய்து அனுப்பிய படை சில நூறு பேர்தான். காட்டுக்குள்ளிருந்து பேசுவதாகச் சொல்லி நாட்டுக்கு வெளியிலிருந்து ஒலிபரப்பிய ஒரு வானொலி அந்தச் சில நூறைப் பெரும்படையாக்கிக் காட்டியது. குவாதமாலா ராணுவம் நினைத்திருந்தால் அவர்களை விரட்டியிருக்கலாம், அதிகாரிகள் சண்டை போட மறுத்துவிட்டு, ஜனாதிபதியைப் போகச் சொன்னார்கள். நாட்டை விட்டுப் போகும்போது விமான நிலையத்தில் பத்திரிகைக்காரர்களுக்கு முன்னால் அர்பென்ஸின் உடைகளைக் கழற்றச் சொல்லிச் சோதனை போட்டதும் அவருடைய சொந்த நாட்டு அதிகாரிகள்தான்.

கூப்பிட்டவனுக்கும் கடைசியில் என்ன கிடைத்தது? ஆப்கானிஸ்தான் ஆட்சித் தலைவர் ஹஃபீசுல்லா அமீன் சோவியத் படையை அனுப்பும்படி தானே திரும்பத் திரும்பக் கேட்டார். வந்தார்கள். 1979 டிசம்பர் 27 மதியம் அவர் சாப்பாட்டில் சோவியத் உளவாளிகள் விஷம் வைத்தார்கள். விஷயம் தெரியாத சோவியத் மருத்துவர்கள் அவரைப் பிழைக்க வைத்தார்கள். சாயங்காலம் சோவியத் சிறப்புப் படை அரண்மனைக்குள் புகுந்து அவரைக் கொன்றது. காப்பாற்றிய மருத்துவர்களில் ஒருவரும் அந்தத் துப்பாக்கிச் சூட்டிலேயே செத்தார். இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

சரி, அப்படியானால் பாதிக்கப்பட்ட நாட்டின் மேல்தான் தப்பு என்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லை. கோடரியைச் செய்தவன், அதை ஓங்கியவன், விறகை அள்ளிக்கொண்டு போனவன் எல்லாம் வல்லரசுதான். குவாதமாலாவில் பின்னால் வந்த 36 வருட உள்நாட்டுப் போரில் சுமார் 2 லட்சம் பேர் செத்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். 1999-இல் கிளிண்டன் அங்கே போய், அடக்குமுறையில் இறங்கிய குவாதமாலாப் படைகளுக்கு அமெரிக்கா உதவியது தவறு என்றார். அவ்வளவுதான். தன் அரசை எதிர்த்த கிளர்ச்சிப் படைக்கு அமெரிக்கா உதவியதை எதிர்த்து நிகரகுவா போட்ட வழக்கில் 1986-இல் சர்வதேச நீதிமன்றம் அமெரிக்காவுக்கு எதிராகத் தெளிவாகத் தீர்ப்புச் சொன்னது. அதை அமல்படுத்தக் கேட்டுப் பாதுகாப்பு சபைக்குப் போனால், அங்கே அமெரிக்காவே வீட்டோ போட்டது. மாட்டிக்கொண்டவனே நாட்டாமையாகவும் உட்கார்ந்திருக்கும் பஞ்சாயத்து.

இதில் சமாதானம் ஆவதென்றால் எனக்கு ஒன்றே ஒன்றுதான்: ‘நம்ம’ வல்லரசு என்று ஒன்றை வைத்துக்கொள்வதை நிறுத்திவிட்டேன். 2003-இல் ஈராக்குக்காக அழுத சிலர் 2022-இல் உக்ரைன் விஷயத்தில் ‘அதுக்கும் ஒரு காரணம் இருக்குல்ல’ என்று ஆரம்பித்தபோது என் பழைய குரல் எனக்கே கேட்டது. 1994-இல் புடாபெஸ்டில் உக்ரைனின் எல்லைகளை மதிப்பதாக ரஷ்யா எழுதிக் கையெழுத்தே போட்டிருக்கிறது. ஈராக்கில் பேரழிவு ஆயுதத் திட்டம் நடக்கிறது என்றவர்கள் கடைசிவரை அதைக் காட்டவில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல எனக்கு இவ்வளவு வயதாகியிருக்கிறது.

கோஸ்டா ரிகா 1948-இல் ராணுவத்தையே கலைத்துவிட்டது. விலைக்கு வாங்கத் தளபதி இல்லாத நாடு! சுற்றிலும் ஆட்சிகள் கவிழ்ந்துகொண்டே இருந்த பிரதேசத்தில் அங்கே மட்டும் தேர்தல்கள் தொடர்ந்து நடந்தன. எல்லா நாட்டுக்கும் இது சரிப்படாது, அமெரிக்கா அவர்களைத் தன் ஆட்களாகவே பார்த்ததும் ஒரு காரணம். ஆனாலும் காம்பு கிடைக்காமல் செய்யும் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது.

அந்தக் கடிதம் சோவியத் ஆவணக் காப்பகத்தில் கிடந்து, 1992-இல்தான் ரஷ்ய ஜனாதிபதி யெல்ட்சின் மூலமாகச் செக்கோஸ்லோவாக்கிய ஜனாதிபதி ஹாவெலிடம் போய்ச் சேர்ந்தது. கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவரான வாசில் பிலாக் மீது தேசத்துரோக வழக்கெல்லாம் போட்டுப் பார்த்தார்கள். தண்டனை எதுவும் வாங்காமலே 2014-இல் தன் 96-ஆவது வயதில் இறந்தார்.

இதை நண்பருக்கு அனுப்பினேன். ரொம்ப நேரம் பதில் இல்லை. அப்புறம் ஒரே ஒரு வரி வந்தது: ‘அர்பென்ஸ் எத்தனை வயசு வரைக்கும் இருந்தார்?’

57 என்று போட்டேன்.