டிகிரி வாங்கிய அடுத்த மாதம்

அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகிற பெண்பிள்ளைகளுக்கு மாநில அரசு மாதாமாதம் பணம் கொடுக்கிற புதுமைப் பெண் திட்டத்தை யாராவது கிண்டல் செய்தால் எனக்குக் கோபம் வரும். 2022 செப்டம்பர் 5 அன்று அதைத் தொடங்கி வைத்ததே எங்கள் வடசென்னைப் பக்கத்தில்தான், பிராட்வே பாரதி மகளிர் கல்லூரியில். மாதம் 1000 ரூபாய் எந்த மூலைக்கு என்று கேட்கிறவர்களுக்கு, ஒரு பிள்ளை வீட்டில் கை நீட்டாமல் ரெக்கார்டு நோட்டு வாங்குவதன் அருமை தெரியாது. ஆனாலும் இன்று ஒரு குறை சொல்லத்தான் போகிறேன். அந்தத் திட்டத்தைப் பற்றி மட்டும் இல்லை, சிறுபான்மை, தலித் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு என்று இருக்கிற எல்லா உதவித்தொகையைப் பற்றியும். எல்லாமே படிப்போடு நின்றுவிடுகிறது. பணம் ரொம்ப அவசரமாகத் தேவைப்படுவது அதற்கு அடுத்த மாதம்.

பழைய வண்ணாரப்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைன் அப்ளிகேஷனும் போட்டுத் தருவேன். ஸ்காலர்ஷிப் சீசன் வந்துவிட்டால் மண்ணடி, கல்மண்டபம், வியாசர்பாடி என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் அம்மாக்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். பாதி நேரம் பெயரிலேயே போய்விடும். ஆதாரில் பாத்திமாவுக்கு ஒரு ‘எச்’ கூடுதலாக இருக்கும், மார்க் ஷீட்டில் இருக்காது. பாஸ்புக்கில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், டி.சி.யில் வெறும் இனிஷியல். அதையெல்லாம் சரிபண்ணி அனுப்பினால், பணம் பிள்ளை எப்போதோ தொடங்கி மறந்துபோன வேறொரு வங்கிக் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கும், ஆதார் அதோடு இணைந்திருக்கிறது என்பதால். அதற்குள் செமஸ்டர் முடிந்து, ஃபீஸுக்காக வைத்த கம்மல் அடகுக் கடையில் வட்டி ஏறிக்கொண்டிருக்கும்.

வியாசர்பாடியிலிருந்து வருகிற கிறித்தவப் பிள்ளைகளின் கதை வேறு. தாத்தா காலத்தில் மதம் மாறிய தலித் குடும்பம். தெரு அதே தெரு, பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்க்கிற பார்வையும் அதே பார்வை. சான்றிதழில் மட்டும் பி.சி. 1950-ஆம் வருட ஜனாதிபதி ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதங்களில் இருந்தால்தான் எஸ்.சி. அதனால் மத்திய அரசின் எஸ்.சி. உதவித்தொகை இவர்களுக்குக் கிடையாது. மாநில அரசு தன் கணக்கில் கொடுப்பதால் தப்பித்தார்கள். எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது என்று அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்க்கும்போது எனக்கே ஒரு மாதிரி இருக்கும்.

இருப்பதும் ஒவ்வொன்றாகக் குறைகிறது. சிறுபான்மைப் பிள்ளைகளுக்கு ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை மத்திய அரசு கொடுத்துக்கொண்டிருந்ததை 2022-ல் நிறுத்திவிட்டார்கள். பி.எச்டி. செய்கிறவர்களுக்கான மௌலானா ஆசாத் ஃபெலோஷிப்பும் அதே வருட டிசம்பரில் போனது. புதுமைப் பெண் திட்டத்தை 2024 கடைசியில் அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரித்தார்கள், நல்லது. ஆனால் தமிழ்வழிக்கு மட்டும்தான். எங்கள் பக்கம் உதவிபெறும் பள்ளியில் இங்கிலீஷ் மீடியம் செக்‌ஷனில் படித்த மீன்பாடி வண்டிக்காரர் மகள் அதில் வரமாட்டாள்.

சரி, இத்தனையும் தாண்டி ஒருத்தி பி.காம். முடிக்கிறாள் என்று வையுங்கள். மாநில அரசின் நான் முதல்வன் திட்டத்தில் வேலைக்கான பயிற்சியும் எடுத்திருக்கிறாள். ஓ.எம்.ஆர். ரோட்டில் சிறுசேரியில் ஒரு கம்பெனி 14,000 ரூபாய்க்குக் கூப்பிடுகிறது. இப்படி வந்த ஒரு ஆஃபர் லெட்டரை நானே பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். பிள்ளைக்கு முகமெல்லாம் சிரிப்பு. அம்மா மட்டும் கவுன்டரில் கை ஊன்றிக்கொண்டு கணக்குப் போட்டார். தண்டையார்பேட்டையிலிருந்து சிறுசேரிக்கு நாற்பது கிலோமீட்டர் இருக்கும். தினமும் போய்வர முடியாது, ஷிஃப்ட் வேறு. ஹாஸ்டல் என்றால் அட்வான்ஸ், ஒரு மாத வாடகை. நல்லதாக நாலு செட் துணி, ஒரு செருப்பு. மாத நடுவில் சேர்ந்தால் அந்த மாதச் சம்பளம் அடுத்த மாதத்தோடு சேர்த்துத்தான் வருமாம். “அதுவரைக்கும் காசுக்கு எங்க போறது அக்கா?” என்று என்னைக் கேட்டார்.

அந்தப் பிள்ளை இப்போது எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடுகிறாள். சம்பளம் 8,000. நடந்து போய் வரலாம், அட்வான்ஸ் இல்லை.

பெற்றவர்கள்தான் வெளியே அனுப்பப் பயப்படுகிறார்கள், அதிலும் முஸ்லிம் வீட்டில் விடமாட்டார்கள் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். பயம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முதல் இரண்டு மாதத்துக்குக் கையில் காசு இருந்தால் அந்தப் பயத்தைப் பேசிச் சரிக்கட்டலாம். காசும் இல்லாமல் பயமும் இருந்தால் அடுத்த பேச்சு மாப்பிள்ளை பார்ப்பதுதான்.

அரசு, பிள்ளை படித்து முடித்ததும் ஆயிரத்தை நிறுத்துவதற்குப் பதிலாக, முதல் வேலை கிடைத்தவுடன் ஆறு மாதத்துக்கு மாதம் 3,000 கொடுக்கட்டும். மொத்தம் 18,000. அதில் முதல் மூன்று மாதப் பணத்தைச் சேருவதற்கு முன்பே மொத்தமாகக் கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பிரயோஜனம் இல்லை. இதில் சாதி, மதம் பார்க்கவும் வேண்டாம். அரசுப் பள்ளிப் பிள்ளை, உதவிபெறும் பள்ளிப் பிள்ளை, எந்த மீடியமாக இருந்தாலும் சரி. வேலைக்குப் போகிற பெண்களுக்கு என்று தோழி விடுதிகள் கட்டுவது நல்ல காரியம், கட்டட்டும். மாதவரம்–சிறுசேரி மெட்ரோவும் வரட்டும். ஆனால் விடுதியில் இடம் கிடைத்தாலும் முதல் மாதக் காசை யாராவது கட்டியாக வேண்டும்.

அரசு செய்யும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. மண்ணடியில் ரமலான் மாதம் ஜகாத் பணத்தில் காலேஜ் ஃபீஸ் கட்டுகிற பெரிய மனிதர்கள் இருக்கிறார்கள். ராயபுரத்தில் சர்ச்சுகளும் கொடுக்கின்றன. ஃபீஸ் என்றால் யோசிக்காமல் செக் எழுதுவார்கள். அதே பிள்ளைக்கு ஹாஸ்டல் அட்வான்ஸ் என்று கேட்டுப் பாருங்கள், “அதுதான் வேலை கிடைச்சிடுச்சே” என்று கையை விரித்துவிடுவார்கள். நான் கேட்டுப் பார்த்துத்தான் சொல்கிறேன். மூன்று வருடம் ஃபீஸ் கட்டிவிட்டு இதற்குக் கணக்குப் பார்ப்பது, வீட்டைக் கட்டிவிட்டுக் கதவு போடாமல் விடுகிற மாதிரி.

ஃபீஸ் என்றால் காலேஜ் ரசீது இருக்கிறது, இதற்கு என்ன ஆதாரம் என்று ஒரு டிரஸ்ட்காரர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆஃபர் லெட்டர் இருக்கிறது, ஹாஸ்டல்காரர் கொடுக்கும் ரசீது இருக்கிறது, முதல் மாதச் சம்பளச் சீட்டும் வரும். மூன்றையும் பிள்ளைகளிடம் வாங்கி ஜெராக்ஸ் போட்டு உங்கள் ஆபீசுக்கே கொண்டுவந்து தருகிறேன். ஜெராக்ஸுக்குக் காசு வேண்டாம்.