“மூவ் ஆட்டம் நாட் ஃபவுண்ட்” பிழைக்கு ஃபாஸ்ட்ஸ்டார்ட் மருந்து இல்லை

“பாதியில் நின்ற எம்பி4 ரெக்கார்டிங்கை எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் காப்பி மோடில் (படத்தையும் ஒலியையும் மறுபடி என்கோட் செய்யாமல் அப்படியே நகலெடுக்கும் முறை), ஃபாஸ்ட்ஸ்டார்ட் ஆப்ஷன் சேர்த்து ஓட்டினால் சரியாகிவிடும்” என்று மேலே சொல்லியிருக்கிறீர்கள். ஆகாது சார். ஒவ்வொரு ஃப்ரேமும் கோப்பில் எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்ற அட்டவணைதான் பிழைச் செய்தியில் வரும் மூவ் (moov) ஆட்டம். பெரும்பாலான கேமராக்கள் அதை ரெக்கார்டிங் முடியும்போதுதான் எழுதும். நடுவில் பேட்டரி போய்விட்டால் அட்டவணையே இருக்காது. ஃபாஸ்ட்ஸ்டார்ட் செய்வது, ஏற்கெனவே இருக்கும் மூவைக் கடைசியிலிருந்து முன்னால் நகர்த்துவது மட்டும். இல்லாததை எங்கிருந்து நகர்த்த? எஃப்எஃப்எம்பெக் கோப்பைத் திறக்கும்போதே நின்றுவிடும். மறுபடி என்கோட் செய்யச் சொன்னாலும் அதே கதைதான்.

படமும் ஒலியும் கோப்பின் எம்டாட் (mdat) என்ற தரவுப் பகுதியில் அப்படியே கிடக்க வாய்ப்பு உண்டு. அதே கேமராவில், அதே ரெசல்யூஷன், அதே ஃப்ரேம் ரேட்டில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் கொடுத்து ‘அன்ட்ரங்க்’ மென்பொருளில் முயலுங்கள். என் கோப்பு ஒன்று இப்படித்தான் மீண்டது, கடைசிச் சில நொடிகள் போக. முதலில் நகல் எடுத்துவிட்டு, அந்த மெமரி கார்டில் வேறு எதையும் பதியாமல் ஓரமாக வையுங்கள்.

ஓபிஎஸ் என்ற திரைப்பதிவு மென்பொருளில் பதிபவர்கள் எம்பி4-க்குப் பதில் எம்கேவி கோப்பு வடிவில் பதியுங்கள், நடுவில் நின்றாலும் அதுவரை பதிந்தது ஓடும். அதை எம்பி4 ஆக்கத்தான் நீங்கள் சொன்ன காப்பி மோட் பொருத்தம்.