செவ்வாய்க்கிழமை காலியாகத்தான் இருக்கிறது

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் மகளின் பிறந்தநாளுக்கு ஒரு வேளைச் சாப்பாடு போடலாம் என்று ஓர் இல்லத்துக்குப் போன் செய்தேன். திருநெல்வேலிக்கு வெளியே, புறவழிச்சாலையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் வரும். இனி வைத்தியம் இல்லை என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்ட நோயாளிகளை, பெரும்பாலும் கேன்சர்காரர்களை, காசு வாங்காமல் கடைசிவரை வைத்துப் பார்க்கிற இடம். (பெயர் போடவில்லை. அவர்களே வேண்டாம் என்றார்கள். காரணம் பின்னால் வருகிறது.)

போனை எடுத்த சிஸ்டர், "ஞாயிற்றுக்கிழமையா சார்? ரெண்டு மாசத்துக்கு ஞாயிறு பூரா புக் ஆயிட்டே. செவ்வாய், புதன்னா காலியா இருக்கு" என்றார். பிறந்தநாள் ஞாயிறுதான் வருகிறது என்றேன். கொஞ்சம் தயங்கினார். "அப்போ சாப்பாட்டுக்குப் பதிலா டயாபர் வாங்கித் தாறீங்களா சார்? பெரியவங்களுக்கு உள்ளது. லார்ஜ் சைஸ்."

எனக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. பிள்ளை பிறந்தநாளுக்கு யாராவது டயாபர் வாங்கிக் கொடுப்பார்களா? யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு, வேறொரு குழந்தைகள் இல்லத்தில் வெஜிடபிள் பிரியாணி, கேசரி என்று ஜாம்ஜாமென்று முடித்தேன். போட்டோவை இதே முகநூலில்தான் போட்டேன். லைக்கெல்லாம் நன்றாகவே விழுந்தது.

மூன்று வருஷம் கழித்து அதே இல்லத்தில் என் சித்தப்பாவைக் கொண்டுபோய்ச் சேர்த்தோம்.

சித்தப்பா டீ மாஸ்டர். நாற்பது வருஷம் பாய்லர் முன்னால் நின்றவர். வாயில் எப்போதும் புகையிலை. கன்னத்தில் புண் வந்து, ஆப்பரேஷன் செய்து, கரண்ட் (ரேடியேஷன்) வைத்து, எல்லாம் முடிந்து ஒரு வருஷம் நன்றாக இருந்தார். பிறகு திரும்ப வந்துவிட்டது. "இனி ஒண்ணும் செய்யறதுக்கில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி நல்லா பாத்துக்கோங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். நல்லா பார்த்துக்கொள்வது என்றால் எப்படி என்று யாரும் சொல்லவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு வலியில் அவர் சுவரை அறைகிறபோது என்ன செய்வது? கன்னத்தில் ஓட்டை விழுந்து, குடித்த தண்ணீர் வெளியே வழிகிறபோது? அந்தப் புண்ணின் வாடை இருக்கிறதே, அதை எழுத்தில் சொல்ல முடியாது. அந்த வாடைக்கு வெட்கப்பட்டே அவர் யார் வந்தாலும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

வாடகை வீடு வேறு, மாடிப் போர்ஷன். வீட்டுக்காரர் ஒருநாள் வந்து, "தப்பா எடுத்துக்காதீங்க, தை மாசம் பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கோம்..." என்று ஆரம்பித்தார். முழுதாகச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. வாடகை வீட்டில் சாவு விழக்கூடாது என்பது நம் ஊரில் எழுதாத ஒப்பந்தம். அவர் கெட்டவர் இல்லை, சித்தப்பா ஆப்பரேஷனுக்கு ஐயாயிரம் கொடுத்தவர்தான்.

இல்லத்தில் முதல் நாள் அந்த சிஸ்டர் செய்தது எனக்கு இன்றும் ஆச்சரியம். சீதபேதிக்குக் கொடுப்போமே, மெட்ரோனிடசோல், அந்த மாத்திரையைப் பொடி செய்து புண்ணில் தூவி, காஸ் துணி வைத்துக் கட்டினார். மூன்றே நாளில் வாடை பாதிக்கு மேல் போய்விட்டது. கட்டணமாக ஆயிரக்கணக்கில் வாங்கிய எந்த இடத்திலும் இதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வலிக்கு மார்ஃபின் மாத்திரை, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, கடிகாரத்தைப் பார்த்து. கூடவே மலச்சிக்கலுக்கும் மருந்து. அன்றைக்கு ராத்திரி சித்தப்பா தூங்கினார். மறுநாள் எழுந்ததும் எழுதிக் காட்டியது: "ஷேவிங்."

இன்னொன்று. நாலு மணியானால் அவருக்கு டீ வாசனை வேண்டும். குடிக்க முடியாது, மூக்கு டியூப் வழியாகத்தான் ஆகாரம். ஆனால் பக்கத்தில் வைத்து ஆற்ற வேண்டும். ஆற்றுகிற அட்டெண்டர் பையனிடம் கையைத் தூக்கு, இன்னும் தூக்கு என்று சைகை காட்டுவார். நுரை சரியாக வந்தால்தான் விடுவார். பஞ்சில் ஒரு சொட்டு தொட்டு உதட்டில் வைப்பார்கள். ஐந்து வாரம் இருந்தார். அந்தப் பையன் இப்போது அருமையாக டீ போடுகிறான்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

அந்த ஐந்து வாரத்தில் ஞாயிற்றுக்கிழமையைக் கட்டிலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தேன். காலையில் ஒரு கோஷ்டி, மதியம் இரண்டு கோஷ்டி. தம் பிரியாணி, ஐஸ்கிரீம், கேக். அங்கே இருந்தவர்களில் பாதிப் பேருக்கு முழுங்க முடியாது. மிச்சப் பேரில் பலருக்குச் சோற்றைப் பார்த்தாலே குமட்டும். வந்தவர்கள் நல்ல மனசோடுதான் வந்தார்கள், நான் மறுக்கவில்லை. கட்டிலைச் சுற்றி நின்று கைதட்டி ஹேப்பி பர்த்டே பாடினார்கள். சித்தப்பா மெதுவாகச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். ஒருவர் எட்டிப்போய், "ஐயா, இங்க பாருங்க" என்று செல்போனை நீட்டினார். நான் எழுந்து குறுக்கே நின்றேன். அவருக்குக் கோபம். "உதவி செய்ய வந்தவங்ககிட்ட இப்படியா நடந்துக்குவீங்க?" மூன்று வருஷத்துக்கு முந்தைய என்னையே எதிரில் பார்த்த மாதிரி இருந்தது.

இல்லத்தின் பெயரைப் போடாததற்கு இதுதான் காரணம். இப்படி ஏதாவது பதிவு வந்தால் அடுத்த ஞாயிறு கூட்டம் நெரியும். செவ்வாய்க்கிழமை பழையபடி ஈயாடும்.

கணக்கைப் பாருங்கள். பெரியவர்களுக்கான டயாபர் ஒன்று முப்பது, நாற்பது ரூபாய். ஒரு நாளைக்கு மூன்று வேண்டும். ஒரு ஆளுக்கே மாதம் சுமார் மூவாயிரம் ரூபாய் ஆகிவிடும். பத்துப் பேர் அப்படிக் கிடந்தால்? இதற்கு மேல் கிளவுஸ், பஞ்சு, யூரின் பேக், படுக்கைப்புண் வராமலிருக்கக் காற்று மெத்தை, கரண்ட் போனால் அந்த மெத்தையின் மோட்டாருக்கு ஜெனரேட்டர், அதற்கு டீசல். எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு சம்பளம். ராத்திரி டூட்டிக்கு ஒரு நர்ஸ் இல்லாவிட்டால் நான்கு மணி நேர மாத்திரையை யார் கொடுப்பது? ஆனால் சம்பளத்துக்கு என்று கேட்டால் நம் ஆட்கள், "நாங்க நோயாளிக்குத்தான் கொடுப்போம், சம்பளத்துக்கெல்லாம் கொடுக்க மாட்டோம்" என்று சொல்லிவிடுவார்கள். நோயாளியைப் புரட்டிப் போட்டு முதுகு துடைத்துவிடுவது பிரியாணிப் பொட்டலமா என்ன? அது ஒரு மனுஷியின் இரண்டு கை. "இன்னார் நினைவாக செப்டிக் டேங்க் சுத்தம் செய்யப்பட்டது" என்று கல்வெட்டு வைக்க முடியாதுதான். ஆனால் வருஷத்துக்கு இரண்டு தடவை லாரி வந்தாக வேண்டியிருக்கிறது.

எங்கள் பக்கம் துட்டி வீட்டுக்கு, அதாவது சாவு வீட்டுக்கு, ஊரே வரும். பகையாளியும் வந்து வாசலில் உட்கார்ந்துவிட்டுப் போவான். அது நல்ல பழக்கம், நான் குறை சொல்லவில்லை. சித்தப்பா இறந்த அன்று பந்தல், நாற்காலி, ஐஸ் பெட்டி எல்லாம் நாங்கள் கேட்காமலே வந்து இறங்கின. மாலை வைக்க இடமில்லை. கோடித் துணி ஒரு குவியல். முக்கில் இரண்டு ஃப்ளெக்ஸ், "கண்ணீர் அஞ்சலி" என்று, ஒன்றில் வயசு தப்பு. இத்தனை பேரில் அந்த ஐந்து வாரத்தில் இல்லத்துக்கு வந்து எட்டிப் பார்த்தவர்கள் பதினோரு பேர். சித்தி எண்ணி வைத்திருந்தாள். சாவுக்கு நம்மிடம் எல்லா ஏற்பாடும் இருக்கிறது. சாகக் கிடக்கிறவருக்குத்தான் ஒன்றும் இல்லை. இழுத்துக்கொண்டு கிடந்தால் பால் ஊற்றுவோம், மண்ணாசை என்று சொல்லி மண்ணைக் கரைத்து ஊற்றுவோம். விருதுநகர்ப் பக்கம் தலைக்கூத்தல் என்று எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து முடித்துவிட்ட கதைகளும் நமக்குத் தெரியும். அதைச் செய்தவர்கள் எல்லாம் கொடூரர்கள் என்று நான் நினைக்கவில்லை. புண்ணைக் கழுவச் சொல்லித்தர ஆளும், வலிக்கு மாத்திரையும் கிடைத்திருந்தால் அதில் எத்தனை வீடு அந்த முடிவுக்குப் போயிருக்கும் என்றுதான் யோசிக்கிறேன்.

"பெத்த பிள்ளைங்க இருக்கும்போது ஹோம்ல கொண்டு விட்டுட்டாங்களே" என்று சொன்னவர்களும் உண்டு. அந்தப் பதினோரு பேரில் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன்.

மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இதை வேறு மாதிரி செய்துகாட்டியிருக்கிறார்கள். 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் இன்னும் சிலரும் சேர்ந்து வலி தணிப்புக்கு என்று ஒரு சின்ன கிளினிக்கை ஆரம்பித்தார்கள். ரொம்ப முடியாதவர்களால் அங்கே வரைக்கும் வரவே முடியவில்லை. அப்படியானால் சிகிச்சைதான் அவர்களிடம் போக வேண்டும். மலப்புறம் பக்கம் அக்கம்பக்கத்து ஆட்களையே திரட்டினார்கள். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிந்தவர்களுக்குப் பயிற்சி. வீடு வீடாகப் போய்ப் படுத்திருப்பவர்களைப் பார்ப்பது, பேசுவது, அரிசி இல்லாத வீட்டுக்கு அரிசி, படிப்பு நின்றுபோன பிள்ளைக்கு நோட்டு. பணம் பெரும் புள்ளிகளிடமிருந்து மட்டும் வரவில்லை. கடை உண்டியலில் விழுந்த சில்லறை, மாதாமாதம் பத்து இருபது கொடுக்கிற சாதாரண ஆட்கள். ஒருவர் நிறுத்தினாலும் வண்டி நிற்காது. ஒரே ஒரு பெரிய மனிதர் கொடுத்து நடக்கிற இல்லத்தில் அவருக்கு வியாபாரம் படுத்தால் இங்கே நர்ஸ் போய்விடுவார். இப்படி நோயைக் குணமாக்க முடியாதபோதும் வலியையும் அவதியையும் தணித்துப் பார்த்துக்கொள்வதற்குப் பாலியேட்டிவ் கேர் என்று பெயர். கேரள அரசாங்கம் அதற்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்தது 2008-ல், ஜனங்கள் பல வருஷம் செய்து காட்டிய பிறகு. இன்று அங்கே பஞ்சாயத்து நர்ஸ் வீட்டுக்கு வருகிறார்.

"இதெல்லாம் அரசாங்கம் செய்ய வேண்டியது" என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும். ஆமாம், செய்யத்தான் வேண்டும். நம் மாநிலத்திலும் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்ப்பதும் சேர்ந்திருக்கிறது. உங்கள் தெருவில் அப்படி யாராவது இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ச் சொல்லுங்கள், பலருக்கு இது தெரியவில்லை. மார்ஃபின் கதையும் அரசாங்கத்தின் கதைதான். அபினிலிருந்துதான் அதை எடுக்கிறார்கள். மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் லைசென்சோடு அபின் விளைகிறது, நீமச்சிலும் காசிப்பூரிலும் அரசாங்கத் தொழிற்சாலையே இருக்கிறது, வெளிநாட்டுக்கும் ஏற்றுமதி ஆகிறது. அபின் விளைகிற இதே நாட்டில் 1985-ன் போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து பல ஆஸ்பத்திரிகள் மார்ஃபினை வாங்கி வைப்பதையே விட்டுவிட்டன. 2014-ல் சட்டத்தைத் திருத்தி லைசென்ஸ் முறையை எளிதாக்கினார்கள். பயம் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆனால் எந்த அரசாங்கம் வந்தாலும் சாயங்காலம் நாலு மணிக்குக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் வாசித்துக் காட்ட ஆள் அனுப்பாது.

இந்த இல்லம் முதலில் ஊருக்குள்தான் இடம் பார்த்தது. தெருவே எதிர்த்தது. தினமும் பிணம் போகும், பிள்ளைகள் பயப்படும், நோய் ஒட்டும், மனை விலை இறங்கும். கேன்சர் ஒட்டுகிற நோய் இல்லை என்று சொல்லிப் பார்த்தார்கள், எடுபடவில்லை. அதனால்தான் பஸ் போகாத இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறார்கள். இப்போது அந்த இடத்தையும் பிளாட் போட்டு விற்கிறார்கள் என்பது வேறு விஷயம். உண்மையான ஆதரவு என்றால் நான் கைகாட்டுவது புறவழிச்சாலை முக்கில் இருக்கிற ஆட்டோ ஸ்டாண்டைத்தான். ராத்திரி எத்தனை மணிக்குப் போன் செய்தாலும் உறவுக்காரர்களைப் பாதி வாடகைக்குக் கூட்டிவருகிறார்கள். ஒரு நாளும் போட்டோ எடுத்துக்கொண்டதில்லை.

இல்லம் என்ற பெயரில் ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள், அதுவும் உண்மை. ரசீது கேளுங்கள், கணக்கு கேளுங்கள். அதைவிட, சொல்லாமல் ஒரு வேலைநாள் மத்தியானம் போய் நில்லுங்கள். உள்ளே விடத் தயங்கினால் யோசியுங்கள். விட்டால் படுக்கை விரிப்பைப் பாருங்கள், மூக்கை நம்புங்கள்.

லண்டனில் 1967-ல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் என்ற இல்லத்தைத் திறந்தார் டாக்டர் சிசிலி சாண்டர்ஸ். இன்றைக்கு இருக்கிற இந்த மாதிரி இடங்களுக்கெல்லாம் அதுதான் முன்னோடி என்று சொல்லலாம். அதற்கு முதல் பணம் கொடுத்தவர் கோடீஸ்வரர் இல்லை. போலந்திலிருந்து பிழைக்க வந்து, ஓட்டலில் வெயிட்டராக இருந்து, 1948-ல் கேன்சரில் இறந்த டேவிட் டாஸ்மா. ஐந்நூறு பவுண்டு எழுதி வைத்துவிட்டு, உன் வீட்டில் நான் ஒரு ஜன்னலாக இருப்பேன் என்று சாண்டர்ஸிடம் சொன்னாராம். இல்லம் எழும்பப் பத்தொன்பது வருஷம் ஆனது. இதை எங்கள் டீ மாஸ்டரிடம் சொல்லியிருந்தால் ஜன்னல் எதற்கு, பாய்லர் வை என்றிருப்பார்.

நான் இப்போது மாதம் ஐந்நூறு ரூபாய் அனுப்புகிறேன், வங்கியிலிருந்து தானாகவே போய்விடும். பெரிய தொகை இல்லை. மகளின் பிறந்தநாளுக்கு டயாபர். முதல் வருஷம் அவளுக்கு வெட்கமாக இருந்தது, இப்போது சைஸ் கேட்டுத்தான் வாங்குகிறாள். அப்புறம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலிலிருந்து ஆறு. ஷேவிங், நகம் வெட்டுவது, செல்போனில் பழைய பாட்டு போடுவது. சில நாள் ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருப்பது. முதல் மாதம் வீட்டுக்கு வந்து சாப்பிட முடியவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். இப்போது முடிகிறது.

வருகிற செவ்வாய் நான் ஊரில் இல்லை, அலுவலக வேலையாக மதுரை போகிறேன். மூன்றாவது கட்டில் தாத்தாவுக்கு ஷேவிங் நாள். அவருக்கு மீசையைத் தொடக்கூடாது. யாராவது போக முடியும் என்றால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், வழி சொல்கிறேன். போகும்போது ஒரு நகவெட்டி வாங்கிக்கொண்டு போங்கள், அங்கே இருப்பது மழுங்கிவிட்டது.