பல்லவி திரும்பி வராத பாட்டு

2015 ஜூலையிலிருந்து உலகம் முழுக்கப் புது ஆல்பங்கள் வெள்ளிக்கிழமைதான் வருகின்றன. ஓர் இண்டி பாப் பேண்டு சில வருட இடைவெளிக்குப் பிறகு, பழைய ஹிட்டுகளின் சாயலே இல்லாமல் ஓர் ஆல்பம் போட்டால், பெங்களூருத் தமிழர்களின் இசை வாட்ஸாப் குழுக்களில் வெள்ளி காலை ஆபீஸ் போய்ச் சேருவதற்குள் தீர்ப்பு வந்துவிடுகிறது. "மொக்கை." "ஒரு பாட்டுகூட மனசுல நிக்கல." "பழைய ஃபீல் போச்சு." அடுத்த நிமிடமே எதிர்த்தரப்பு: "உனக்குப் புரியல, விடு." இரண்டு தரப்பும் அந்த ஆல்பத்தைக் கேட்டது பெரும்பாலும் பர்பிள் லைன் மெட்ரோவில் நின்றுகொண்டோ, சில்க் போர்டு சிக்னலில் கேபுக்குள் உட்கார்ந்தோதான்.

முதல் நாள் எழுதப்படுகிற குறைகளில் கணிசமானவை ஆல்பத்தின் குறைகளே இல்லை, கேட்ட விதத்தின் குறைகள். அவற்றைச் சரிசெய்ய முடியும். சரிசெய்த பிறகும் பிடிக்கவில்லை என்றால் அந்தப் பிடிக்காமைக்கு முழு மரியாதை உண்டு, அதை விவரமாக எழுதவும் வேண்டும்.

பொறுத்துக் கேட்பது நமக்குப் புதிதல்ல. ரஹ்மான் பாட்டுக்கு "ஸ்லோ பாய்சன்" என்று பெயர் வைத்தது தமிழ் ரசிகர்கள்தான். முதல் தடவை ஒன்றுமே இல்லாததுபோல இருக்கும், பத்தாவது தடவை விடாது என்பதை எல்லா டீக்கடையிலும் சொல்லியிருக்கிறோம். அதே பொறுமையை ஒரு கிடார் பேண்டுக்குத் தர மறுப்பதற்குக் காரணம் ஒன்று உண்டு. சினிமாப் பாட்டை நாமாகத் தேடிப் போய்த் திரும்பக் கேட்க வேண்டியதில்லை. படம், டிவி, கல்யாண மண்டபம், பக்கத்து வீடு என்று அதுவே பத்து முறை காதில் விழுந்துவிடும். இண்டி ஆல்பத்துக்கு அந்த வசதி கிடையாது. அந்தப் பத்து முறையையும் ரசிகரே உட்கார்ந்து கேட்டாக வேண்டும்.

இதற்கு நல்ல உதாரணம் எம்ஜிஎம்டி என்ற அமெரிக்க பேண்டு. 2007-இல் வந்த முதல் ஆல்பத்தில் 'கிட்ஸ்', 'டைம் டு ப்ரிடெண்ட்', 'எலெக்ட்ரிக் ஃபீல்' என்று மூன்று பெரிய ஹிட்டுகள். 2010 ஏப்ரலில் வந்த 'கங்கிராஜுலேஷன்ஸ்' ஆல்பத்தில் அந்த மாதிரிப் பாட்டு ஒன்றுகூட இல்லை. ஒன்பது பாட்டு, அதில் ஒன்று 12 நிமிடம். முன்னோட்டமாக விட்ட 'ஃப்ளாஷ் டெலிரியம்' நாலு நிமிடச் சொச்சத்தில் வேஷத்துக்கு மேல் வேஷம் மாற்றிவிட்டு முடிகிறது, திரும்பத் திரும்பப் பாட ஒரு பல்லவி கிடையாது. ஆல்பத்தை முழுசாகக் கேளுங்கள், தனிப் பாட்டாகப் பிரிக்காதீர்கள் என்று பேண்டே சொன்னது. அமெரிக்கப் பட்டியலில் முதல் வாரமே இரண்டாம் இடம் பிடித்த ஆல்பம் அது. வாங்கியவர்கள் ஏராளம், அவர்களில் ஏமாந்ததாகச் சொன்னவர்களும் ஏராளம். அன்று எழுந்த புகார்கள் எல்லாம் இன்று எந்தப் புது ஆல்பத்துக்கும் வருகிற அதே புகார்கள்.

முதல் புகார் எப்போதும் "ட்யூன் இல்லை". பெரும்பாலும் அது தவறு. ட்யூன் இருக்கும், திரும்பி வராது, அவ்வளவுதான். நம் காது பல்லவி, இடையிசை, சரணம், மறுபடி பல்லவி என்று பழகியது. மேற்கத்திய பாப்பிலும் கோரஸ் மூன்று தடவையாவது வரும். ஒரு மெட்டு மனசில் பதிவதற்குக் காரணம் அந்தத் திரும்புதல்தான். அந்த 12 நிமிடப் பாட்டான 'சைபீரியன் பிரேக்ஸ்' ஒரே பாட்டல்ல, சின்னச் சின்னப் பாட்டுகளைக் கோத்த மாலை. ராகமாலிகை கேட்கிற ஆளுக்கு இது புரிய வேண்டும். காம்போதியில் ஆரம்பித்த வரி காம்போதிக்கே திரும்பவில்லையே என்று யாரும் அங்கே கோபப்படுவதில்லை, அடுத்து எங்கே போகிறார் என்றுதான் கவனிக்கிறோம். ஒரு தாளை எடுத்து, பகுதி மாறுகிற இடமெல்லாம் நிமிடமும் நொடியும் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் மாறியது என்னவென்று ஒரு சொல்: வேகம், சுருதி, வாத்தியம், குரல். இரண்டாவது தடவை அந்தத் தாளோடு கேட்டால் "எங்கேயோ போகுது" என்ற எரிச்சல் பெருமளவு போய்விடும்.

அடுத்தது தாளம். "டிரம்மர் தடுமாறுறார்" என்று எழுதுவதற்கு முன்னால் கையில் எண்ணிப் பாருங்கள். நாலு நாலாக எண்ணி ஒத்துவராவிட்டால் ஏழாக எண்ணுங்கள்: தகிட தகதிமி, நம் மிஸ்ர சாபு. அதுவும் ஒத்துவராவிட்டால் தக தகிட என்று ஐந்து, கண்ட சாபு. ரேடியோஹெட் என்ற பிரிட்டிஷ் பேண்டின் 'கிட் ஏ' ஆல்பத்தின் முதல் பாட்டு பத்து எண்ணிக்கையில் சுற்றுகிறது. நாலாக எண்ணினால் ஒவ்வொரு சுற்றிலும் வழுக்கும், பத்தாக எண்ணினால் தொட்டில் ஆட்டுகிற மாதிரி நிற்கும். கோயில் கச்சேரியில் தொடையில் தாளம் போட்டு வளர்ந்த அல்சூர்க்காரருக்கும் ஸ்ரீராமபுரத்துக்காரருக்கும் இது மேற்கத்திய ரசிகரைவிடச் சுலபமாக வரும்.

இனி போன். இதில்தான் அதிகம் கெடுகிறது, ஆனால் பேசுகிறவர்கள் குறைவு.

ஸ்பாட்டிஃபையில் பாட்டுக்குப் பாட்டு கலந்து ஓட கிராஸ்ஃபேட் என்று ஒரு வசதி, 12 நொடி வரை வைக்கலாம். பார்ட்டிக்கு நல்லது. ஒரு பாட்டின் கடைசி ஒலி அடுத்த பாட்டின் முதல் ஒலியாக மாறும்படி செய்த ஆல்பத்தை அது குதறிவிடும். அதைப் பூஜ்யத்தில் வையுங்கள், பாட்டுகளுக்கு நடுவே இடைவெளி விடாத கேப்லெஸ் ப்ளேபேக்கை ஆன் செய்யுங்கள், தானாகப் பாட்டுகளைக் கலக்கும் ஆட்டோமிக்ஸை அணையுங்கள். ஆட்டோப்ளேயையும் அணையுங்கள். ஆல்பம் முடிந்ததும் அது வேறு யாருடைய பாட்டையோ போட, அமைதியாக முடிய வேண்டிய கடைசிப் பாட்டின் தாக்கம் அங்கேயே போய்விடும். வரிசையைக் கலைத்துப் போடுகிற ஷஃபிள் கூடவே கூடாது. 2021 நவம்பரில் அடெல் கேட்டுக்கொண்டதால்தான் ஆல்பம் பக்கத்தின் பெரிய பட்டனிலிருந்து ஷஃபிளை ஸ்பாட்டிஃபை எடுத்தது. அவ்வளவு பெரிய பாடகியே கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

ஷஃபிள் கெடுப்பது வரிசையை மட்டுமல்ல, ஒலியளவையும்தான். எல்லாப் பாட்டும் ஒரே சத்தத்தில் கேட்கும்படி ஸ்பாட்டிஃபை −14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு) என்ற அளவுக்குச் சமன் செய்கிறது. ஆல்பத்தை வரிசையாகப் போட்டால் மொத்த ஆல்பத்துக்கும் ஒரே திருத்தம், அதனால் மெல்லிய பாட்டு மெல்லியதாகவே இருக்கும், வெடிக்கிற பாட்டு வெடிக்கும். ஷஃபிளில் போட்டால் பாட்டுக்குப் பாட்டு தனித் திருத்தம். கிசுகிசுப்பாக வைத்த இடைப்பாட்டு மேலே வரும், உச்சமாக வைத்தது கீழே போகும். "எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இருக்கு" என்று எழுதுகிறவர்களில் பலருக்கு நடந்தது இதுதான். ஹெட்ஃபோனில் கேட்பவர்கள் சமன் செய்வதையே அணைத்துவிடலாம். அப்படிச் செய்தால் முதலில் வால்யூமைக் குறைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

டேட்டா சேவர் ஆனில் இருந்தால் ஒலியின் தரம் 24 கேபிபிஎஸ் (நொடிக்கு இத்தனை கிலோபிட்) வரை இறங்கும். 2025-இல் லாஸ்லெஸ் எனும் சுருக்காத ஒலி வரும்வரை உயர்ந்த தரம் 320. வேண்டுமென்றே உடைத்து, கரகரப்பாக்கி, பல அடுக்கு ஏற்றிய பாட்டுதான் இந்தச் சுருக்கத்தில் முதலில் சேதமாகும். சிம்பல் ஓசை தண்ணீருக்குள் சலசலக்கிற மாதிரி ஆகிவிடும். பிறகு "மிக்ஸிங் மோசம்" என்று பதிவு வரும். வீட்டு வைஃபையில் உயர்ந்த தரத்தில் டவுன்லோடு செய்துவிட்டுக் கேட்டால் இந்தத் தொல்லை இல்லை.

பேஸ் கிடாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். போன் ஸ்பீக்கருக்கு அந்தப் பக்கமே கிடையாது. பேஸை முன்னால் வைத்து, கிடாரைப் பின்னால் தள்ளிய ஆல்பத்தைப் போனில் கேட்டால் பாட்டின் முதுகெலும்பே காதுக்கு வராது. மெட்ரோவின் இரைச்சலும் தாழ்ந்த ஒலி, அதுவும் பேஸைத்தான் மூடுகிறது. காதை அடைக்காத இயர்பட்ஸ் போட்டால் இரண்டு மடங்கு நஷ்டம். மேசை மேல் வைக்கிற ஒற்றை ப்ளூடூத் ஸ்பீக்கர் பெரும்பாலும் இடது, வலது இரண்டையும் கூட்டி ஒன்றாக்குகிறது. அகலமாகக் கேட்க வேண்டும் என்று ஒன்றுக்கொன்று எதிராகத் திருப்பி வைத்த சிந்தசைசர் ஒலிகள் அப்படிக் கூட்டும்போது ஒன்றையொன்று தின்றுவிடும். நண்பர் வீட்டில் அந்த ஸ்பீக்கரில் கேட்டு "வெறுமையா இருக்கு" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் கேட்டது. சாதாரண வயர் ஹெட்ஃபோன் போதும், பெரிய செலவு தேவையில்லை. ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டால் மறுபக்கம் முழுவதும் போச்சு.

எத்தனை தடவை கேட்பது? முதல் தடவை இரவில், வரிகளைப் பார்க்காமல், நிறுத்தாமல். இரண்டாவது தடவை குறைந்தது ஒரு நாள் கழித்து, வரிகளோடு. மூன்றாவது தடவை பாடகரை விட்டுவிட்டு பேஸையும் டிரம்ஸையும் மட்டும் பின்தொடருங்கள். நான்காவது தடவை மூன்று நாலு நாள் விட்டு. ஒரே நாளில் நாலு தடவை ஓட்டினால் பயன் இல்லை, காது சலித்துவிடும்.

ஆல்பத்தைத் தூக்கிப் பிடிக்கிறவர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. திரும்பத் திரும்பப் பட்டாலே எதுவும் பிடிக்க ஆரம்பிக்கும் என்பதை ராபர்ட் ஜயான்ஸ் என்ற உளவியலாளர் 1968-இல் ஆய்வாகவே எழுதினார். அதனால் "பத்து தடவை கேட்டேன், பிடிச்சிடுச்சு" என்பது ஆல்பம் நல்லது என்பதற்குச் சான்றாகாது. பழகிவிட்டது என்பதற்கு மட்டுமே சான்று. நல்லதா என்று பார்க்க வேறு சோதனை வேண்டும். ஐந்தாவது தடவையில் முன்பு கேட்காத புது விஷயம் ஏதாவது காதில் விழுகிறதா? பாட்டுகளின் வரிசையை மாற்றினால் ஏதாவது உடைகிறதா? அந்த இரைச்சலான பகுதியை எடுத்துவிட்டால் அதற்கு அடுத்த மெல்லிய பகுதி பலம் இழக்கிறதா? மூன்றுக்கும் இல்லை என்றால் ஆல்பம் வெறும் சிக்கல்தான், ஆழம் இல்லை. அதைச் சொல்லத் தயங்க வேண்டாம். 'கங்கிராஜுலேஷன்ஸ்' முதலிரண்டு கேள்விகளில் தெளிவாகத் தேறுகிறது. ஆனால் அதில் கடைசிக்கு முன்னால் வைத்த கருவியிசைப் பாட்டு எனக்கு இன்றும் இடைநிரப்பியாகத்தான் கேட்கிறது.

இன்னொன்று: எந்தக் கடினமான ஆல்பம் வந்தாலும் 'கிட் ஏ'வை இழுப்பதை நிறுத்த வேண்டும். 2000 அக்டோபரில் வந்தபோது "கிடார் எங்கே" என்று கேட்டார்கள், பத்து வருடத்தில் ரோலிங் ஸ்டோன் பத்திரிகை அதையே அந்தப் பத்தாண்டின் சிறந்த ஆல்பம் என்றது, உண்மை. அதனால் இன்று திட்டு வாங்குகிற ஒவ்வோர் ஆல்பமும் நாளை கொண்டாடப்படும் என்று ஆகிவிடாது. திட்டு வாங்கி அப்படியே மறந்துபோன ஆல்பங்களை யாரும் உதாரணம் காட்டுவதில்லை.

பணமும் இதில் இருக்கிறது. ஸ்பாட்டிஃபையில் 30 நொடி ஓடினால்தான் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. 12 நிமிடப் பாட்டும் 2 நிமிடப் பாட்டும் கணக்கில் ஒன்றே. 2024 முதல், பன்னிரண்டு மாதத்தில் 1000 தடவை ஓடாத பாட்டுக்கு அதன் ராயல்டியும் கிடையாது. ஒன்றரை நிமிடம் வெறும் ஓங்காரமாக ஆரம்பிக்கிற பாட்டை வைக்கிற சின்ன பேண்டு தன் வருமானத்தைத் தானே வெட்டிக்கொள்கிறது. அது பாட்டை நல்லதாக்கிவிடாது. ஆனால் "சோம்பேறித்தனமா போட்டிருக்காங்க" என்று எழுதுவது அநியாயம். சோம்பேறிகள் முதல் ஆல்பத்தின் ஹிட்டையே இன்னொரு தடவை செய்வார்கள்.

பிடிக்காவிட்டால் எப்படி எழுதுவது? "ஃபீல் இல்ல" என்றால் பேண்டுக்கும் உதவாது, படிப்பவருக்கும் உதவாது. "நாலாவது பாட்டில் மூன்றாவது நிமிடத்தில் டிரம்ஸ் வந்ததும் குரல் அமுங்கிவிடுகிறது, அதற்குப் பிறகு வரி ஒன்றும் கேட்கவில்லை" என்று எழுதினால் மறுப்பவரும் அதே இடத்தைப் போட்டுக் கேட்டுவிட்டுப் பேசுவார். சண்டை அங்கே பேச்சாகிவிடும்.

இப்படி ஓர் ஆல்பம் போட்ட பேண்டு பெங்களூருக்கு வாசிக்க வந்தால் கவனிக்க வேண்டியது சில. திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை, 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி அது. அதனால் நேரம் இறுக்கம். பழைய ஹிட்டைக் கேட்டுக் கத்திக்கொண்டே இருந்தால் வெட்டுப்படுவது புதுப் பாட்டுதான். அடுக்கடுக்கான ஆல்பத்தை மேடையில் வாசிக்க லேப்டாப்பிலிருந்து சில தடங்கள் ஓடும், டிரம்மர் காதில் வேகம் காட்டுகிற கிளிக் ஒலி ஓடும். அதனால் நடுவில் நிறுத்தி வேறு பாட்டுக்குத் தாவ அவர்களால் முடியாது. மெல்லிய பகுதியில் பாருக்குப் பக்கத்தில் நின்று பேசாதீர்கள், அந்த மூலையின் சத்தம் ஹால் முழுக்கக் கேட்கும். ஸ்பீக்கருக்கு நேர் முன்னால் ஓரமாக நின்றால் ஒரு பக்கம்தான் காதில் விழும். ஒலியைக் கலக்கிற கன்சோலுக்கு இரண்டடி முன்னால், நடுவில் இடம் பிடியுங்கள். சவுண்ட் எஞ்சினியர் எதைக் கேட்டுக் கலக்குகிறாரோ ஏறக்குறைய அதையே நீங்களும் கேட்பீர்கள். காதுக்குப் பஞ்சு அல்ல, ஃபோம் இயர்பிளக் ஒரு ஜோடி பையில் இருக்கட்டும்.