27 சென்டிமீட்டர் கீற்று

மின்னணுப் போர், அதாவது எதிரியின் ரேடாரையும் ரேடியோவையும் ஏமாற்றும் போர்முறை, கணினி யுகத்தில் பிறந்தது என்று ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. 1943 ஜூலையில் ஹாம்பர்க் மீது பறந்த பிரிட்டிஷ் விமானங்கள் கட்டுக்கட்டாகக் கொட்டியது, காகிதத்தில் ஒட்டிய அலுமினியக் கீற்றுகளைத்தான். ஒவ்வொன்றும் சுமார் 27 சென்டிமீட்டர். அந்த நீளத்தில்தான் சூட்சுமமே இருக்கிறது: ஜெர்மானிய வூர்ட்ஸ்பர்க் ரேடாரின் அலைநீளத்தில் ஏறக்குறைய பாதி. அப்போதுதான் கீற்று ஆன்டெனா மாதிரி அலையைப் பலமாகத் திருப்பி அனுப்பும். திரை முழுக்கப் பொய் விமானங்கள்! ஜெர்மனியிடமும் இதே உத்தி இருந்தது. எதிரி கற்றுக்கொள்வானே என்று இரு பக்கமும் பயந்து பூட்டி வைத்திருந்தார்கள்.

அப்புறம் வந்த, இலக்கின் வேகத்தையும் கணிக்கும் டாப்ளர் ரேடார், காற்றில் வேகமிழந்து மிதக்கும் கீற்றையும் பாய்ந்து போகும் விமானத்தையும் பிரித்துக் காட்டியது. இன்று சில போர் விமானங்கள் பொய் இலக்கைக் கம்பியில் கட்டி இழுத்துக்கொண்டே பறக்கின்றன. அது விமானத்தின் வேகத்திலேயே கூட வருமே!