ஸ்டிக்கரைக் காட்டாதீர்கள், அளவைக் காட்டுங்கள்

பாராகிளைடிங் குழுவில் வந்த நேற்றைய விற்பனைப் பதிவையும் அதன் கீழே நடந்ததையும் இங்கே பலர் பார்த்திருப்பீர்கள். 2001-இல் தயாரான பாராகிளைடர் விங், ஜெர்மன் சான்றிதழில் டி.எச்.வி 1-2 வகுப்பு. "மொத்தமே 60 மணி நேரம்தான் பறந்தது, துணி இன்னும் மொறுமொறுன்னு இருக்கு, புதுசா பறக்கிறவங்களுக்கு ஏத்தது." வாங்க வந்தவன் இப்போதுதான் பயிற்சி முடித்த பையன். நான் மூன்றே மூன்று கேட்டேன்: துணியில் காற்றுக் கசிவு எவ்வளவு, லைன் (விங்கிலிருந்து நம்மைத் தொங்கவிடும் கயிறு) நீளங்கள் எவ்வளவு, லைனை இழுத்து அறுத்துப் பார்த்தீர்களா. பதிலுக்கு விங்கின் நடு செல்லில் (காற்று நிரம்பும் அறையில்) ஒட்டியிருக்கும் சான்றிதழ் ஸ்டிக்கரின் படம் வந்தது. மறுபடி கேட்டதும் "வயித்தெரிச்சல்" என்றார்கள். அப்புறம் என் கருத்தையே தூக்கிவிட்டார்கள். சரி, இங்கே எழுதுகிறேன், இங்கே யாரும் தூக்க முடியாது.

அந்த ஸ்டிக்கர் பொய் இல்லை. 2001-இல் சோதனைக்குப் போன ஒரு புத்தம்புது விங் எப்படி நடந்துகொண்டது என்று அது சொல்கிறது. உங்கள் பையில் சுருண்டு கிடக்கும் விங் இன்று எப்படி நடந்துகொள்ளும் என்று அதற்குத் தெரியாது. இதை அளந்துதான் தெரிந்துகொள்ள முடியும்.

"1-2 என்றால் இன்றைய இ.என் பி" என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருந்தார். அப்படி நேராக மாற்றிப் போட முடியாது. டி.எச்.வி 1, 1-2, 2, 2-3, 3 என்பது ஜெர்மன் வரிசை. ஸ்டாண்டர்ட், பெர்ஃபார்மன்ஸ், காம்பெடிஷன் என்பது பிரான்ஸின் அஃப்னார் வரிசை. இ.என் எனும் ஐரோப்பியச் சான்றின் ஏ, பி, சி, டி பிறகு வந்தது, சோதனை முறையும் வேறு. கார்பன், ஆர்கஸ் போன்ற அந்தக் கால 1-2 விங்குகள் அவற்றின் காலத்தில் அருமையானவை. அதில் எனக்குச் சண்டையே இல்லை.

துணிக்கு வருவோம். கையில் கசக்கி "மொறுமொறு" சத்தம் கேட்பது சோதனை ஆகாது. ஜே.டி.சி மீட்டரை மேல் துணியில், முன் விளிம்பிலிருந்து 20, 30 செ.மீ. பின்னால், நடு செல்களில் வைத்துப் பார்க்க வேண்டும். கால் லிட்டர் காற்று துணி வழியே போக எத்தனை வினாடி என்று அது காட்டும். புதுத் துணி 200, 300 வினாடியைத் தாண்டும். 20-க்குக் கீழே வந்தால் கவலைப்பட வேண்டும். 10-ஐத் தொட்டுவிட்டால் அந்த விங் தரையில் கையாளப் பழகுவதற்கு மட்டும்தான். அடுத்தது கிழிவுச் சோதனை: ஊசியைத் துணியில் குத்தி 600 கிராம் விசை வரை இழுத்தால், ஓட்டை 5 மி.மீ.க்கு மேல் கிழியக் கூடாது.

60 மணி நேரம்தான் பறந்ததா? இருக்கட்டும். மிச்ச இருபது சொச்ச வருடம் எங்கே இருந்தது? ஈரத்தோடு மடித்து வைத்தாலும், வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் கிடந்தாலும், பறக்காமலேயே துணியின் பூச்சு போய்விடும்.

துணியை விட எனக்குப் பெரிய பயம் லைன்தான். டைனிமா என்ற இழையில் செய்த லைன் இழுவிசை இல்லாமல் இருந்தால் சுருங்கும். லைன்கள் முன் விளிம்பிலிருந்து பின்னோக்கி ஏ, பி, சி, டி என்று வரிசையாக இருக்கும் (மேலே சொன்ன சான்றிதழ் எழுத்துகள் வேறு). பறக்கும்போது எடையின் பெரும்பகுதியை ஏ, பி வரிசைகள் தாங்குவதால் அவை நீளம் குறையாமல் நிற்கும். சி, டி வரிசைகளில் சுமை குறைவு, அவை சுருங்கிக்கொண்டே போகும். கண்ணால் பார்த்தால் தெரியாது. 5 கிலோ இழுவிசையில் ஒவ்வொரு லைனையும் அளந்து மேனுவலில் உள்ள அட்டவணையோடு ஒப்பிட்டால்தான் தெரியும். 10 மி.மீ. வித்தியாசத்தைத் தாண்டினாலே சரிசெய்ய வேண்டும். இமாச்சலில் உள்ள பறக்கும் தளமான பீர் பில்லிங்குக்கு ஒருவர் கொண்டுவந்த இதே தலைமுறை விங்கை விரித்து அளந்தபோது சி வரிசை முழுக்க 30 மி.மீ. குட்டை. ஏ-க்கும் சி-க்கும் இடைவெளி ஏறத்தாழ 1.3 மீட்டர் என்று வையுங்கள், விங்கின் பின்பக்கம் ஒரு டிகிரிக்கு மேல் கீழே இழுபட்டிருக்கிறது. அதாவது கையால் இழுக்கும் பிரேக்கைத் தொடாமலேயே பிரேக் போட்ட மாதிரி அது பறந்துகொண்டிருந்தது. துணியும் கசிந்தால் கேட்கவே வேண்டாம்.

அப்படிப்பட்ட விங் கிளப்பும்போதே காட்டிக்கொடுக்கும். தலைக்கு மேல் வராமல் பின்னால் தொங்கும், ஏ ரைசரை (ஏ லைன்கள் வந்து சேரும் பட்டையை) நெடுநேரம் பிடித்துத் தள்ள வேண்டியிருக்கும். மேலே போய் பிக் இயர்ஸ் போட்டாலோ (சீக்கிரம் இறங்க விங்கின் இரு நுனிகளையும் மடக்குவது), மழைத் துளியில் நனைந்தாலோ டீப் ஸ்டாலில் உட்கார்ந்துகொள்ளும். காற்றுச் சத்தம் அடங்கும், விங் விரிந்தபடிதான் இருக்கும், ஆனால் நேர் கீழே இறங்கிக்கொண்டிருப்பீர்கள். கையை முழுசாக மேலே விட்டு, வேகம் கூட்டும் ஸ்பீட் பாரைக் காலால் மிதிக்க வேண்டும், அல்லது ஏ ரைசர்களை முன்னால் தள்ள வேண்டும். பிரேக் பிடித்துத் திருப்பினால் ஸ்பின், விங் ஒரு பக்கம் ஸ்டாலாகிச் சுழலும். நேற்றுப் பயிற்சி முடித்தவனின் கை முதலில் எங்கே போகும்? பிரேக்குக்குத்தான். இதைச் சொன்னதற்குத்தான் எனக்கு வயித்தெரிச்சல் என்று பெயர்.

"ஜெல்வெனார் துணி சாகவே சாகாது" என்றார் ஒருவர். உண்மைதான், அந்தத் தென்னாப்பிரிக்கத் துணி நெடுங்காலம் தாங்கும், இத்தனை வருடம் கழித்தும் நல்ல அளவு காட்டும் விங்குகள் உண்டு. ஆனால் லைன் ஜெல்வெனார் இல்லையே ஐயா. "நாங்க பதினஞ்சு வருஷமா இதுலதான் பறக்கிறோம்" என்பதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. உங்கள் கை வேறு, அந்தப் பையனின் கை வேறு.

"புது விங் வாங்கக் காசு இருக்கிறவன் பேச்சு" என்று எழுதியிருந்தீர்களே, அது வலித்தது. புதுசு வாங்கு என்று நான் எங்கே சொன்னேன்? ஏழெட்டு வருடப் பழைய விங், அளந்த காகிதத்தோடு கிடைத்தால் அதையே வாங்கச் சொல்கிறேன். பழைய விங்குக்கு முழு லைன் செட் மாற்றினால் ஆகும் செலவை விற்கும் விலையோடு கூட்டிப் பாருங்கள், அது மலிவே இல்லை. பல பழைய மாடல்களுக்கு லைன் செட் இன்று கிடைப்பதும் இல்லை. காசில்லாதவனிடம் அளக்காத விங்கைத் தள்ளிவிடுவது அவனுக்குச் செய்யும் உதவியா?

எடை விஷயத்தை யாருமே கேட்கவில்லை. அந்த விங்குக்கு 85 முதல் 105 கிலோ என்று போட்டிருப்பது மொத்தப் பறக்கும் எடை. 62 கிலோ பையன், பழைய விங் 7 கிலோ, ஹார்னஸும் (உட்காரும் இருக்கை) ரிசர்வும் (அவசரப் பாராசூட்) 9, ஹெல்மெட், ஷூ, துணிமணி 3. மொத்தம் 81. எல்லைக்கே கீழே. சுருங்கிய லைன், கசியும் துணி, அதில் எடையும் குறைவு. கூடவே இலவசமாகத் தருவதாகச் சொன்ன ரிசர்வ் எந்த வருடத்தையது, கடைசியாக எப்போது பிரித்து மடித்தது என்றும் பதிவில் இல்லை. அதன் லைனை மடித்துக் கட்டிய ரப்பர் பேண்ட் பிசுபிசுத்து ஒட்டியிருந்தால் அது திறக்காமல் போகலாம்.

அந்தத் தம்பி இதைப் படித்தால்: முன்பணம் கொடுக்காதே. விங்கை என்னிடம் கொண்டு வா, காசு வேண்டாம், லைனை அளந்து, மீட்டர் வைத்து, நடு ஏ கீழ் லைன் ஒன்றைக் கழற்றி இழுத்து அறுத்துப் பார்ப்போம். அந்த ஒரு லைனுக்கு மாற்று லைன் செலவு விற்பவருடையது, அதை முதலிலேயே பேசிக்கொள். பிரேக் லைனில் யாராவது முடிச்சுப் போட்டுக் குறைத்திருக்கிறார்களா என்றும் பார்ப்போம், கை மேலே இருக்கும்போது 8, 10 செ.மீ. தளர்வு இருக்க வேண்டும். அளவு எல்லாம் தேறினால், என் கருத்தை நீக்கிய அதே குழுவில் அந்த விங் நல்ல விங் என்று நானே எழுதுகிறேன்.