எழுதிக் குடுக்கிற பிள்ளை

போன வாரம் ஆலங்குளம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பிளஸ் ஒன் பிள்ளைகளிடம் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். என்ன படிக்கலாம், என்ன வேலைக்குப் போகலாம் என்று வழிகாட்டும் கூட்டம். நர்சிங்குக்கு ஒருவர், போலீஸ் வேலைக்கு ஒருவர், பேங்க் பரீட்சைக்கு ஒருவர் பேசி முடித்து, சாப்பாட்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் என்னை மேடையேற்றினார்கள். இருபத்திரண்டு வருஷமாகச் சமூகப் பணியாளராக இருக்கிறவளுக்குப் பத்து நிமிஷமே பெரிசு!

"சமூக சேவை செய்யணும்னு யாருக்கெல்லாம் ஆசை?" என்றேன். பாதிப் பேர் கை தூக்கினார்கள். எப்படிச் செய்வீர்கள் என்று கேட்டால் எல்லாருக்கும் ஒரே பதில்: ஐஏஎஸ் படிச்சு கலெக்டர் ஆகி. தமிழ்நாட்டில் மாவட்டமே 38தான் மக்கா, மீதிப் பேர் என்ன செய்வீங்க என்றேன். சிரித்தார்கள்.

கடைசி பெஞ்சில் ஒரு பிள்ளை கை தூக்கவில்லை. "இவதான் மேடம் இவங்க ஊருக்கு மனு எழுதிக் குடுக்கிற பிள்ளை" என்றார் டீச்சர். அம்மா பீடி சுற்றுகிறவர். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான உதவித்தொகைக்கு எட்டாம் வகுப்பில் தன் படிவத்தைத் தானே நிரப்பியிருக்கிறாள். அதைப் பார்த்துத் தெருவில் நாலு பேர் வந்தார்கள். இப்போது விதவை பென்ஷன், மாற்றுத்திறனாளி அட்டை, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு என்று எல்லாமே இவள் கையெழுத்துதான். ஆதாரில் பிறந்த தேதி தப்பாக இருந்ததால் முதியோர் பென்ஷன் கிடைக்காத ஒரு ஆச்சியை மூணு தடவை தென்காசிக்குக் கூட்டிக்கொண்டு அலைந்திருக்கிறாள். இதற்குத் தனிப் படிப்பு இருக்கு, சம்பளம் இருக்கு என்றேன். என்னை நம்பாத மாதிரிதான் பார்த்தாள்.

அவளைக் குறை சொல்லி என்ன? 'சேவை' என்ற சொல்லை நாம்தான் பள்ளிக்கூடங்களில் கெடுத்து வைத்திருக்கிறோம். என்.எஸ்.எஸ். முகாம் என்றால் கோயில் பிராகாரம் கூட்டுவது, குளத்தங்கரையில் பனைவிதை ஊன்றுவது, கடைசி நாள் குரூப் போட்டோ. பனைவிதையோடு எனக்குச் சண்டை இல்லை, நல்லா முளைக்கட்டும். ஏழு நாளில் ஒரு சாயங்காலமாவது யாருடைய திண்ணையிலாவது உட்கார்ந்து, அறிவுரை சொல்லாமல் அரைமணி நேரம் அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு வா என்று பிள்ளைகளை அனுப்பியிருக்கிறோமா? சமூகப் பணி மேல்படிப்பான எம்.எஸ்.டபிள்யூ. படிக்கும்போது வாரத்துக்கு ரெண்டு நாள் எங்களுக்குக் களப்பணி. கேட்டதை அன்று ராத்திரியே எழுதியாகணும். 'பாவம்', 'கொடுமை' என்று எழுதினால் எங்கள் மேடம் சிவப்பு மையில் அடித்துவிடுவார். நீ பார்த்தது என்ன, அவங்க சொன்னது என்ன, நீயா நினைச்சுக்கிட்டது என்ன, மூணையும் பிரிச்சு எழுது என்பார். இதைப் பதினாறு வயதுப் பிள்ளைக்குத் தாராளமாகச் சொல்லிக்கொடுக்கலாம்.

இன்னொன்றும் அன்றைக்கே தெரிந்தது. வகுப்பே கேட்க, "கீழத்தெரு அத்தைய மாமா விட்டுட்டுப் போயிட்டாவ, அதுக்கும் நாந்தான் எழுதுனேன்" என்றாள் அந்தப் பிள்ளை. மனசில் கள்ளமே இல்லை. ஆனால் அந்த அத்தை மகன் அதே வகுப்பில் உட்கார்ந்திருந்தால்? வெளியே கூட்டிப்போய் மெதுவாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றவள், "அப்பம் நோட்டுல பேரு எழுதக் கூடாதாக்கா?" என்றாள். எனக்கு அது விளங்க முதல் வருஷம் முழுக்க ஆனது.

நம் நெல்லைச் சீமையில் இந்த வேலைக்கு வரும் பிள்ளைக்கு இதையெல்லாம்விட முந்திப் படிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. "எல்லாத் தெருவுக்கும் எழுதிக் குடுப்பியாட்டி?" என்று கேட்டேன். "வந்து கேட்டா எழுதுவேன்." "நீ அங்க போவியா?" பதில் இல்லை. 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் ஒரு பிளஸ் டூ மாணவனைச் சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டியவர்கள் அவன் பள்ளிக்கூடத்துப் பையன்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதையொட்டி அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் சாதிக் கயிற்றைத் தடை செய்யணும் என்றது எல்லார் ஞாபகத்திலும் இருக்கிறது. மாணவர்களை வைத்தே ஒரு சமூக நீதிப் படை அமைக்கச் சொன்னதைப் பற்றிப் பேச்சையே காணோம். 'படை' என்ற பேர் எனக்குப் பிடிக்கவில்லை, யோசனை பிடித்திருக்கிறது.

நான் என்ன யோக்கியம்? முதல் களப்பணியில் ஒரு வீட்டில் கடுங்காப்பி கொடுத்தார்கள். "இப்பந்தான் குடிச்சேன்" என்று பொய் சொன்னேன். எங்கள் வீட்டில் பழக்கியது அப்படி. தம்ளரை உள்ளே எடுத்துப்போன அந்த அக்கா அப்புறம் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வீட்டு அறிக்கையில் எழுத என்னிடம் ஒன்றுமே இல்லை.

இந்த மண்ணுக்கு இந்த வேலை புதுசும் இல்லை. 1890களிலேயே பாளையங்கோட்டையில் பார்வையற்ற பிள்ளைகளுக்கு ஆஸ்க்வித் அம்மையாரும், காது கேளாத பிள்ளைகளுக்கு ஸ்வெயின்சன் அம்மையாரும் பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டார்கள். கடற்படை வேலைக்கான உடல்திறன் சோதனையில் கீழே விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த ராமகிருஷ்ணன், தென்காசி பக்கம் ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்காக 1981-ல் தொடங்கியதுதான் அமர் சேவா சங்கம். அங்கே பயிற்சி பெற்ற ஊர்ப் பெண்கள் வீடு தேடிப் போய்க் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். இந்த இடங்களுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போய், இனிப்புக் கொடுத்துப் படம் எடுக்காமல், ஒரு நாள் முழுக்க வேலையைப் பார்க்க விடலாமே.

படிப்பைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: பிளஸ் டூ முடித்ததும் சமூகப் பணி இளங்கலையான பி.எஸ்.டபிள்யூ. சேரலாம். எந்த டிகிரி முடித்தாலும் எம்.எஸ்.டபிள்யூ. படிக்கலாம். சிறப்புக் கல்விக்கும் சைகை மொழிபெயர்ப்புக்கும் ரெண்டு வருஷ டிப்ளமோ இருக்கிறது, இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகாரம் உண்டா என்று பார்த்துச் சேருங்கள். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 தேர்வில் நன்னடத்தை அலுவலர் பதவி வரும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் சமூகப் பணியாளர் வேலைக்கு ஆள் எடுப்பார்கள். ஒப்பந்த வேலைதான், மாதம் ரூ.18,536 தொகுப்பூதியம். எம்.எஸ்.டபிள்யூ. படித்தவருக்கு இது காணாது. அதையும் மறைக்காமல் பிள்ளைகளிடம் சொன்னேன்.

பஸ் ஏறுகையில் அந்தப் பிள்ளை ஓடிவந்தாள்.

"யக்கா, அந்தப் பதினெட்டாயிரத்துல பி.எஃப். பிடிப்பாவளா?"

பீடிக்காரி மகள் வேறெதைக் கேட்பாள்! விசாரிச்சுச் சொல்லுதேன் என்று நம்பர் கொடுத்துவிட்டு வந்தேன். ராத்திரி எட்டு மணிக்கே மிஸ்டு கால் வந்துவிட்டது.